பாவாயியின் பன்னிரண்டு வட்டங்கள்

மோகனூர் பாவாயிக்கு இடது கண் போனபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் உட்பட. வலியில்லை, சிவப்பில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு உள்ளே வந்து ஒரு நாள் மொத்தமும் மூடிக்கொண்டது. இன்னொரு கண் இருக்கிறதே என்று கொடிக்காலுக்குப் போய் வெற்றிலை கிள்ளினாள். கிள்ளியதைத் தளிர் வேறு, முற்றல் வேறு என்று பிரித்து அடுக்குவதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு தை மாதத்தில், வரப்பில் நடந்தவள் வலது பக்கம் நின்ற பசுமாட்டின் மேலேயே போய் மோதிக்கொண்டாள். மிச்சமிருந்த கண்ணிலும் ஓரம் இருண்டுவிட்டது என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நாள் மட்டும் வேண்டாம் என்று தெய்வத்திடம் கேட்டாள்.

புருஷன் நாச்சிமுத்து அவளைப் பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியில் கண் பார்த்தவர் வெங்கடாசலம் என்ற இளம் டாக்டர். சங்ககிரிக்காரர். கண் வைத்தியத்தில் பயிற்சிக்காக வந்திருந்தவர். இவர்கள் பேச்சைக் கேட்டதுமே எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம் என்று விசாரித்தார். பார்த்தால் அவரும் பாவாயி பிறந்த கூட்டமே. அப்படியென்றால் பங்காளி, பாவாயிக்குத் தம்பி முறை.

"அப்பறமென்னுங்க்கா, நம்மூட்டு ஆஸ்பத்திரின்னு நெனச்சுக்கங்க," என்றார்.

பாவாயிக்குப் பாதி நோய் அங்கேயே தீர்ந்த மாதிரி இருந்தது. டாக்டரைத் தேடிப்போன இடத்தில் உடன்பிறப்பு கிடைத்தால் யாருக்குத்தான் அப்படி இருக்காது?

மேசைமேல் வில்லாக வளைந்த கறுப்பு இரும்புப் பட்டை ஒன்று இருந்தது. மோவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு நடுவிலுள்ள புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். டாக்டர் குச்சி முனையில் ஒரு வெள்ளைப் பொட்டை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி வருவார். பொட்டு தெரிந்ததும் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தை, வட்டம் அச்சடித்த தாளில் குறித்துக்கொள்வார். ஒரு மணி நேரம் ஆகும். எழுந்திருக்கும்போது கழுத்து விண் விண்ணென்று தெறிக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வர வேண்டும், ஒரு தரம்கூடத் தவறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதுதான் வைத்தியம் என்று பாவாயி நினைத்தாள். எப்படி நினைக்காமல் இருப்பாள்? ஆஸ்பத்திரி, டாக்டர், மிஷின், கண்டிப்பு எல்லாம் இருக்கிறதே. போகிற அன்றைக்கெல்லாம் தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தாள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள்கூட அவ்வளவு சுத்தம் பார்த்திருக்க மாட்டார்கள். சித்திரையில் காய்ச்சலோடு போனாள். தம்பிக்கென்று முதல் கிள்ளலில் ஒரு கட்டு வெற்றிலையும் தாறில் ஒரு சீப்புப் பழமும் தவறாமல் எடுத்துப்போனாள்.

வெங்கடாசலத்தின் கணக்கு வேறு. லண்டன் போய் மேலே படிக்க ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று இருந்தது. ஒரே ஒருவருக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பத்தோடு சொந்த ஆராய்ச்சி ஒன்றையும் வைக்க வேண்டும். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறுகிற இந்த நோயைக் கைவைக்காமல் விட்டால் அது பார்வையை எந்த வரிசையில் தின்னும் என்று ஒரே கண்ணில் அளந்து காட்ட நினைத்தார். கத்தி வைத்து அந்த நீருக்குச் சின்ன வழி திறந்துவிட்டால் மிச்சப் பார்வை தங்கும். அதே ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கு அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பாவாயிக்குச் செய்தால் நோய் நிற்கும், கூடவே ஆராய்ச்சியும் நிற்கும். ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். அந்தப் பொறுமையை அவர் பாவாயியிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஆறாவது தரம் போனபோது, பக்கத்துப் பெஞ்சில் கண்ணில் கட்டோடு ஒரு பெண் இருந்தாள். தனக்குக் கட்டுப் போடுவதில்லையா என்று பாவாயி கேட்டாள்.

"உங்களுக்கு மிசினே போதுங்க்கா," என்றார் டாக்டர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

பத்தாவது தரம் போவதற்குள் உலகம், கையை நீட்டிப் பிடித்த ஒரு வெற்றிலை அகலத்துக்கு வந்துவிட்டது. வைத்தியம் பிடிக்கவில்லையே என்று அவள் குமைந்தாள். தான்தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தன்னையே நொந்துகொண்டாள். பொட்டு தெரிவதற்கு முன்பே தெரிகிறது என்று சொல்லிவிட்டால் டாக்டர் சந்தோஷப்படுவார் என்றுகூட ஒரு தரம் தோன்றியது. பொய் சொன்னால் வைத்தியம் பலிக்காது என்று அதையும் விட்டுவிட்டாள்.

ஆடியில் பன்னிரண்டாவது வட்டம் போட்டார். அது ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்தது. ஆவணியில் உதவித்தொகை கிடைத்த சேதியை அவரே சொன்னார். பாவாயிக்குப் பெருமை தாங்கவில்லை. நெற்றியைக் கையால் தடவித் தேடி அவருக்குத் திருநீறு வைத்துவிட்டாள்.

அவர் லண்டன் போனபின் அந்த இடத்துக்கு வந்த டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் வராமல் எங்கே போனாய் என்று கோபித்துக்கொண்டார்.

"பதினஞ்சு நாளைக்கொருக்கா வந்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன்," என்றாள் பாவாயி.

அவர் அவளுடைய காகிதக் கட்டைப் பிரித்துப் புரட்டினார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நாச்சிமுத்துவிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து லண்டனிலிருந்து ஒரு தபால் வந்தது. வெங்கடாசலம் தம் ஆராய்ச்சிக் கட்டுரையின் அச்சுப் பிரதியை அனுப்பியிருந்தார். பரிசும் வாங்கியதாம். நாச்சிமுத்து அதை இங்கிலீஷ் தெரிந்த தங்கசாமி வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னான். அதில் பாவாயியின் பேர் எங்கும் இல்லை. 'நாற்பத்திரண்டு வயதுக் குடியானவப் பெண்' என்றிருந்தது. பன்னிரண்டு வட்டங்களும் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே இருந்த ஒரு வரியை வாத்தியார் இரண்டு தரம் தமக்குள் படித்துப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: இந்தக் காலத்தில் நோயாளிக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை.

நாச்சிமுத்து அதை ஒளிக்காமல் அவளிடம் சொன்னான். அப்படியானால் அந்த மிஷின் என்ன செய்தது என்று கேட்டாள். அளந்தது என்றான். அன்று அவள் அழுத அழுகையை, கண் போன அன்றைக்குக்கூட அழவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் வெங்கடாசலம் பெரிய டாக்டராகத் திரும்பி வந்தார். ஆராய்ச்சிக்குப் பிள்ளைகளைப் பொறுக்கி உதவித்தொகை கொடுக்கிற இடத்தில் இப்போது அவரே இருந்தார். அப்படிப் பொறுக்கியவர்களில் இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு மோகனூருக்கே வந்துவிட்டார். கட்டுரையில் வந்த கண்ணின் கடைசி நிலையை அவர்கள் நேரில் பார்க்க வேண்டுமாம். பழங்கள், புடவை எல்லாம் கொண்டுவந்திருந்தார். அக்கா அக்கா என்று பழையபடியே வாய் நிறையக் கூப்பிட்டார்.

குரலைக் கேட்டதும் பாவாயி இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். கூட வந்த பிள்ளைகளில் ஒருவர் விளக்கை எடுத்தார்.

"ஒரு நிமிசம் கண்ணத் தொறங்க்கா," என்றார் வெங்கடாசலம்.

"பன்னெண்டு தரம் தொறந்தாச்சுங்க, சாமி. ஒரு தரங்கூட நான் பொய் சொல்லுலீங்க."

அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. அவர் கெஞ்சிப் பார்த்தார், நாச்சிமுத்துவைச் சொல்லச் சொன்னார். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்தவர்கள் விளக்கை அணைத்துப் பெட்டியில் வைத்தார்கள். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, வண்டி போயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

போய்விட்டது என்றான். அப்புறந்தான் அவள் கண்ணைத் திறந்தாள்.