ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்

சங்கரன்கோவிலில் ஹெல்மெட் வாங்க நினைக்கிறவன் எந்தக் கடையைச் சுற்றினாலும் கடைசியில் என் கடையில்தான் வந்து நிற்பான். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடப்பு அப்படி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. பஞ்சர் ஒட்டி, டியூப் விற்று, ஒற்றைக் கதவுக் கடையை மூன்று ஷட்டர் ஆக்கியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாமனார் வீட்டிலிருந்து வந்ததில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் என் முன்னால் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எந்தத் தலைக்கு எது சேரும் என்று நான் சொல்கிறேன், அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் புளியங்குடியிலிருந்து ஓர் அம்மா மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். பையன் கோயம்புத்தூரில் படிக்கிறானாம். நாலு சக்கரம் வைத்த பலகையில் நின்றபடி மலை ரோட்டில் மேலிருந்து கீழே பாய்ந்து வருகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதற்கு முகம் மூடிய ஹெல்மெட், முழங்காலுக்கும் முழங்கைக்கும் பேட், உள்ளங்கையில் கட்டை பதித்த கையுறை எல்லாம் வேண்டும் என்று போனில் படம் படமாகக் காட்டினான். கையுறையைச் சொல்லி வரவழைக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் மாட்டினேன். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் இருந்தது. தாடைப் பட்டையைப் பூட்டித் தலையை ஆட்டச் சொன்னேன். ஹெல்மெட் தனியாக ஆடவில்லை, நெற்றித் தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆடியது. அதுதான் சரியான அளவு. அந்த அம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை.

"ஒரு சைஸ் பெருசா குடுங்க அண்ணாச்சி. வளர்ற பிள்ளை."

"சட்டைன்னா அப்படி எடுக்கலாம் தாயி. இதைப் பெருசா எடுத்தா, பிள்ளை வளர்றதுக்கு இருக்கணும்லா?"

அவள் பர்ஸைத் திறந்தாள். நான் அதை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. என் அத்தை மகன் எரு கொட்டுகிற உரக்குண்டில் தலைகீழாக இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். அத்தை என் அப்பாவுக்கு நேர் மூத்தவள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. காலையில் வெள்ளை வேட்டியோடு பஸ் ஏறுவார், சாயங்காலம் எலுமிச்சை வாசனையோடு இறங்குவார். அவர்களுக்கு ஒரே பிள்ளை. என்னைவிட ஒரு வயது மூத்தவன், ஆனால் என் தோளுக்குத்தான் இருப்பான். முறைப்படி அவனை அத்தான் என்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டதில்லை.

அவனிடம் இல்லாத சாமான் கிடையாது. சாவி கொடுத்தால் ஓடுகிற கார், மூடியைத் திறந்தால் பளபளக்கிற காம்பஸ் பெட்டி, மழைக்குத் தனிச் செருப்பு. ஒவ்வொன்றாக அவன் தெருவுக்குக் கொண்டுவரும்போது எனக்கு வயிற்றுக்குள் யாரோ அடுப்புப் பற்றவைப்பதுபோல் இருக்கும். அவன் சட்டைகள் எல்லாம் தொளதொளவென்றுதான் இருக்கும். தையல்காரரிடம் அத்தை "வளர்ற பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அளவைக் கூட்டிவிடுவாள். அவனோ வளர்கிற வழியாக இல்லை. நாலைந்து தடவை போட்டதும் "இவனுக்குச் சேரலை" என்று சட்டை என் வீட்டுக்கு வந்துவிடும். தன் வீட்டுப் புதுச்சாமான் எதுவும் பெண்டாட்டியின் பிறந்த வீட்டுக்குப் போவது மாமாவுக்குப் பிடிக்காது. பழசு போனால் கண்டுகொள்ளமாட்டார். சட்டை கஞ்சி மடிப்புக் கலையாமல் இருக்கும், எனக்கென்று தைத்ததுபோல் இருக்கும், ஆனாலும் அவன் போட்டுக் கழித்தது என்கிற நினைப்பிலேயே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

இன்றைக்கு அவன் சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். கார் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தால் நான் முதலில் டயரைப் பார்ப்பேன், தேய்ந்திருக்கிறதா என்று. இதுவரை தேயவில்லை.

ஆனால் அந்த வயதில் அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பேரிங் வண்டி. கடையில் விற்கிற சாமான் அல்ல அது, நானே செய்தது. லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங் நாலு, உடைந்த தறியிலிருந்து ஒரு பலகை, திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதன் இரண்டு முனையிலும் கயிறு. குளத்துக் கரையிலிருந்து ஊருக்குள் இறங்குகிற தார் ரோட்டின் உச்சியில் உட்கார்ந்து காலை எடுத்தால் போதும். பேரிங் தாரில் தேய்ந்து எழுப்புகிற கீச்சொலிக்குத் தெரு நாய்கள் எல்லாம் ஊளையிடும். அடிவாரத்தில் ரோடு சட்டென்று இடது பக்கம் திரும்பும். திரும்பத் தெரியாதவனுக்கு நேர் எதிரே உரக்குண்டு தயாராக இருக்கும். அந்தத் திருப்பத்தை என்னைப்போல் ஒடித்தவன் அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் பிறக்கவில்லை.

அத்தை மகன் ஒரு நாள் கெஞ்சிக் கேட்டான் என்று ஏறவிட்டேன். பாதி வழியில் கவிழ்ந்து தாடையைக் கிழித்துக்கொண்டான். தையல் போட்டு வீட்டில் விட்டுவிட்டு அத்தை நேரே குளத்துக் கரைக்கு வந்தாள்.

"தலைக்கு ஒண்ணும் போடாம இனிமே எவனும் இந்த வண்டியில ஏறக்கூடாது. என் பிள்ளை மட்டுமில்ல, எவனும்."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். வண்டியைத் தூக்கி அந்த லாரிப் பட்டறைக்குள் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பட்டறைக்காரர் அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசமாட்டார். அவன் விழுந்ததற்கு என் வண்டிக்குச் சிறை. எப்படி இருந்திருக்கும் எனக்கு?

விடுவேனா? மறுநாளிலிருந்தே தலைக்கு ஏதாவது தேட ஆரம்பித்தேன். முதலில் சித்தாள் சாந்து சுமக்கிற இரும்புச் சட்டி. உள்ளே பஞ்சை அடைத்து, தறி நூலால் தாடையில் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பட்டறைக்காரர் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். அன்று முழுக்கக் காதுக்குள் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் தேங்காய் மட்டையை நாரோடு பிளந்து கட்டிக்கொண்டு போனேன்.

"ஏலே, இதென்ன, சாமி வந்த வேஷமா? ஒங்க அத்தை பாத்தா என்னையத்தான் வையும். போலே" என்று விரட்டினார்.

தலைக்குத்தான் வழி கிடைக்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் அப்போதே செய்துவிட்டேன். லாரி டியூபை வெட்டி முழங்காலிலும் முழங்கையிலும் சுற்றிக் கட்டினேன். திரும்பும்போது கையைத் தரையில் ஊன்ற வேண்டும் என்பதால் பழைய ரப்பர் செருப்பை அறுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டினேன். கோயம்புத்தூர்ப் பையன் போனில் காட்டிய கையுறைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளைக்காரன் பேர் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

இப்படி நான் அல்லாடிக்கொண்டிருக்கும்போது மாமாவும் அத்தையும் ஒரு கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய் வந்தார்கள். மறுநாள் காலையில் அத்தை மகன் தெருவில் இறங்கினான். தலையில் சிவப்பு ஹெல்மெட். பட்டையோடு, பூட்டோடு, உள்ளே மெத்தை வைத்த நிஜ ஹெல்மெட். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற பெரிய ஆட்களிடமே இல்லாத சாமான். வெயில் பட்டு அது மின்னிய மினுக்கம் இப்போதும் என் கண்ணை உறுத்துகிறது. தெருப் பையன்கள் என்னை அம்போவென்று விட்டுவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

மாமா வாசலில் நின்று யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். "நான் இவன் தலைக்குத் தக்கன சின்னதாத்தான் எடுத்தேன். இவதான் கடைக்காரன்கிட்ட மல்லுக்கட்டிப் பெருசா மாத்துனா."

"வளர்ற பிள்ளைங்க" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"தொடாதலே. பேன் ஏறிரும்" என்றான்.

பையன்கள் சிரித்தார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்த நெற்றியில் அது உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வெளியே வந்தது. என் வண்டி, என் சரிவு. தலைக்குப் போட அவனிடம்தான் இருந்தது என்பதால் ஏறப்போகிறவன் அவன். பட்டறைக்காரர் அதோடு விட்டாரா? என் கால் டியூபையும் கைச் செருப்பையும் கழற்றி அவனுக்கே கட்டச் சொன்னார். குனிந்து அவன் காலில் முடிச்சுப் போட்டேன். கல்யாண மாப்பிள்ளைபோல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து தள்ளிவிட்டவனும் நான்தான். அந்த நேரத்தில் கோமதியம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

வண்டி நன்றாகத்தான் இறங்கியது. பாதிச் சரிவில் ரோட்டில் ஒரு சின்ன மேடு உண்டு. அதில் வண்டி குதித்ததும் ஹெல்மெட் முன்பக்கம் சரிந்து மூக்குவரைக்கும் இறங்கிவிட்டது. அதைத் தூக்கிவிடக் கயிற்றை விட்டான். ரோடு இடது பக்கம் திரும்பியது, அவன் திரும்பவில்லை. நேரே உரக்குண்டுக்குள் போனான்.

ஓடிப்போய் இரண்டு காலையும் பிடித்து இழுத்தோம். ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட் நிறையச் சாணி. அதைக் கழற்றியதும் அவன் அழுத அழுகையில் அத்தையும் மாமாவும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"கொண்டா அதை. நாளைக்கே மதுரைக்குப் போயி மாத்திட்டு வாரேன்" என்றார் மாமா.

"சாணில முங்குனதை எந்தக் கடைக்காரன் திருப்பி வாங்குவான்?"

"அப்ப கழுவி வை. வளந்த பெறகு போடட்டும்."

"இனிமே இவன் அந்த வண்டிப் பக்கம் போனாம்னா காலை ஒடிச்சிருவேன்" என்று அத்தை தன் மகனை முறைத்துவிட்டு, ஹெல்மெட்டைத் தெருக்குழாயில் காட்டி அலசினாள். முந்தானையால் துடைத்தாள். பிறகு, "ஏலே, இங்கன வா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

என் தலையில் கவிழ்த்தாள். அது இறங்கி உட்கார்ந்ததை எப்படிச் சொல்வது? நெற்றியில் ஒட்டியது, கன்னத்தைப் பிடித்தது, பின்மண்டையைத் தாங்கியது. தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள்.

"இவனுக்குச் சேருதேங்க!" என்றாள், ஆச்சரியப்பட்டவள்போல.

மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டார். "சேந்தா அவனே வச்சிக்கிடட்டும். நாத்தம் வீட்டுக்குள்ள வராம இருந்தாச் சரி."

அத்தை மகன் குழாயடியில் நின்று, "எனக்கு, எனக்கு" என்று காலை உதைத்தான். நான் அந்தப் பக்கம் திரும்பாமலே வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையின் உச்சிக்கு ஏறினேன். அன்று இறங்கியதுபோல் நான் என்றைக்கும் இறங்கியதில்லை. ஹெல்மெட்டுக்குள் பேரிங் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது, என் மூச்சு மட்டும் கிட்டத்தில் கேட்டது. திருப்பத்தை ஒடித்து நிறுத்தியபோது பையன்கள் மறுபடியும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். என் திறமைக்குக் கிடைத்தது என்றுதான் நினைத்தேன். அப்படியும் ராத்திரி படுக்கும்போது சாணி வாடை மூக்கில் ஏற, இதுவும் அவன் கழித்ததுதானே என்று வயிறு எரியத்தான் செய்தது.

கடை வைத்துப் பல வருஷம் கழித்து ராயகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டுக்காரருக்கு ஹெல்மெட் வேண்டும், கூப்பிட்டால் அவர் வரமாட்டார் என்றாள். தலையைக் கொண்டுவராமல் ஹெல்மெட் கேட்டால் எப்படி என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். வளையமாக முடிச்சுப் போட்ட துண்டு.

"குளிச்சிட்டு வந்தாவ. தொவட்டுத மாதிரி தலையில கட்டி, முடிச்சைப் போட்டு அப்படியே உருவிட்டேன். அவுகளுக்குத் தெரியாது" என்று சிரித்தாள்.

அந்த முடிச்சை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

மதுரைக் கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை அத்தை வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் எண்ணெய்க் குளியல். சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி முடித்ததும், முதலில் அவன் தலையில் துண்டைக் கட்டினாள். பிறகு என் தலையில் ஒரு துண்டைச் சுற்றினாள். நெற்றிக்கு மேலே இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்க்காமல் மேலே உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண்ணில் சீயக்காய் இறங்க, சொட்டச் சொட்ட நான் முற்றத்தில் நின்றேன். பக்கத்தில் அத்தை மகன் தலையில் துண்டு அப்படியே இருந்தது. புதுத் துண்டு, பூப்போட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.