கித்தா மரத்து மணவறை

மணவறை கட்டுகிறவள் நான். பீடோங், சுங்கை லாலாங் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படித்தான் மெதுவாக எழுதுகிறேன். ஆனால் ஒரு மண்டபத்துக்குள் போய் நின்றால் போதும், தூண் எங்கே வரவேண்டும், வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று என் கண் சொல்லிவிடும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

போன ஆவணியில் ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா சுங்கைப் பட்டாணியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இள வயதில் மரம் சீவிப் பால் வெட்டி, பிறகு டவுனுக்கு வந்து கடை போட்டவர். மாப்பிள்ளை வீடு மெர்கோங்கில். தாத்தா காலத்திலிருந்தே வியாபாரிகள். அவர்கள் கோலாலம்பூரிலிருந்து மேடைக்கு ஆள் கொண்டு வரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண் மட்டும் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று நின்றாள்.

பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, “ஞாயித்துக்கிழமை ஒரு தூணாவது செஞ்சு காட்டுங்கக்கா. புடிச்சா நீங்க, புடிக்கலன்னா கோலாலம்பூர் ஆளு. கோவிச்சுக்காதீங்க லா” என்றார்.

கோவிக்காமல் என்ன செய்வது? என் ஊர் மண்டபத்தில், எனக்குத் தெரிந்த பெண் கழுத்தில் தாலி ஏறும்போது, வேற்றூர்க்காரன் கட்டிய மேடையை நான் பந்தியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதா? நடக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் மேடைப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

“இது நல்லா இருக்கே கண்ணு?”

“இது என்கூட வேலை செய்றவ கல்யாணத்துல வந்துடுச்சு ஆன்ட்டி.”

“இது?”

“இது அவ தங்கச்சி கல்யாணம்.”

“சரி, மயிலு?”

“மயிலைப் பார்த்துப் பார்த்து எனக்கு மயில் மேலயே கோவம். யார் போன்லயும் இல்லாத மேடை வேணும் ஆன்ட்டி.”

யார் போனிலும் இல்லாததை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் வாசலுக்குக் கட்ட வாழை மரம் சொல்லிவைக்க அவள் ஓட்டுகிற காடியில் பாடாங் மேஹா போனோம். திரும்பி வரும்போது அவளுக்குப் போன் வந்தது. ஓரமாக நிறுத்திப் பேச ஆரம்பித்தாள். மாப்பிள்ளைதான், சீக்கிரம் முடியாது. கால் மரத்துப்போகிறதே என்று நான் இறங்கினேன்.

ரோட்டோரம் ஒரு சின்ன கித்தா தோப்பு, எல்லாம் ரப்பர் மரம். ஒரு மலாய் அம்மா பால் வெட்டி முடித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து சுடுதண்ணி பாட்டிலிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். மரம் மரமாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. காலை வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. மரத்தைச் சுற்றி ஒரு சாய்ந்த கோடு. அந்தக் கோட்டில் வெள்ளை வெளேரென்று பால் ஓடி மங்கில் விழுகிறது. பால் பிடிக்கிற கோப்பையைத்தான் நாங்கள் மங்கு என்போம்.

எனக்கு அது பாலாகத் தெரியவில்லை. மல்லிகைச் சரமாகத் தெரிந்தது.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நானும் தோட்டத்தில் இந்த மரத்தை எத்தனை வருஷம் வெட்டியிருப்பேன்! கொசுக்கடியும் மழையும் வேலை வாங்குகிற தண்டல் போடுகிற சத்தமும்தான் ஞாபகம். அழகு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைக்க நேரம் எங்கே இருந்தது? இப்போது ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நின்று பார்க்கிறேன், கண் முன்னே மணவறைத் தூண் நிற்கிறது.

“அடியே, போனை வை! மாப்பிள்ளை எங்கயும் ஓடிட மாட்டாரு!” என்று கத்தினேன். மலாய் அம்மா காப்பியைக் கொட்டிவிட்டாள்.

பெண் ஓடிவந்தாள். நான் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினேன். பட்டை நிறத்தில் நாலு தூண். ஒவ்வொன்றிலும் சாய்வாக மல்லிகைச் சரம். சரம் முடிகிற இடத்தில் ஒரு மங்கு, அது நிறைய உதிரிப் பூ. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே குதித்தாள். காடியில் ஏறியும் இரண்டு பேரும் வாய் ஓயவில்லை. வழி மாறி எங்கேயோ போய்த் திரும்பி வந்தோம்.

வீட்டில் வேலையைத் தொடங்கினேன். துணி சுற்றிய தூணில் சரத்தைச் சாய்வாகக் கட்டினால் சறுக்கிக் கீழே வந்தது. ஊசி குத்தினால் பூ வாடியது. அப்புறம்தான் புத்தி வந்தது, மரத்தில் கோடு வெட்டித்தானே பால் ஓடுகிறது! துணியை எடுத்துவிட்டுத் தெர்மாகோல் மாதிரி கனமான போம் தூணுக்குப் பட்டை நிறம் பூசி, பால் வெட்டுகிற கத்தியாலேயே சாய்வாகப் பள்ளம் இழுத்தேன். சரம் அதில் உட்கார்ந்தது பாருங்கள், அசையவில்லை. அடுத்த தூணை வெட்டச் சொல்லி மகனிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு நான் பூக்கட்டப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அவர் முதல் தூணைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“என்னக்கா, கித்தா மரம் மாதிரி இருக்கு?”

“கித்தா மரமேதான் தம்பி.”

“அந்தக் காட்டை விட்டு வெளிய வரத்தானே இத்தனை பாடு பட்டேன்? அதைக் கொண்டாந்து என் பொண்ணு பக்கத்துல நிறுத்துறீங்களா? மெர்கோங்காரங்க சிரிக்க மாட்டாங்க? தோட்டத்துப் புத்தி போகலன்னு சொல்ல மாட்டாங்க?”

“பந்தக்கால் எதுல நடப்போறீங்க?”

“ஏன், பால் உள்ள மரத்துலதான். குடும்பம் தழைக்கணும்னு அதுதானே வழக்கம்.”

“அப்ப இந்த ஊர்ல கித்தாவை விடப் பால் கொடுத்த மரம் எது? நீங்களே சொல்லுங்க.”

“வாய் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. வாயை வச்சு மேடை கட்ட முடியாதுக்கா” என்று காடிச் சாவியை எடுத்துவிட்டார். பெண்ணுக்குக் கண் கலங்கியது. போச்சு, கோலாலம்பூர்க்காரனுக்குத்தான் என்று நினைத்தேன்.

வாசல் வரை போனவர் நின்றார். அங்கேதான் மகன் வெட்டிய இரண்டாவது தூணைச் சாய்த்து வைத்திருந்தோம்.

“இதை எவன் வெட்டினது?”

“நான்தான் மாமா” என்றான் மகன். “ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி எதிரும் புதிருமா இருக்கட்டும்னு...”

“கண்ணாடியாம், கண்ணாடி! எவன்டா மரத்தை இப்படி வெட்டுவான்? இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழன்னுதான் வெட்டணும். தோட்டத்துக் கிராணி பார்த்திருந்தா உன்னைக் காட்டை விட்டே துரத்தியிருப்பான். கொண்டா கத்தியை!”

வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, ஒரு புதுத் தூணை மடியில் சாய்த்துக்கொண்டு வெட்டினார். ஒரே இழுப்பு. கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. தலைமுடியெல்லாம் போம் தூள். பெண் என் கையைக் கிள்ளினாள்.

“மங்கு இன்னும் கொஞ்சம் கீழ இருக்கணும்க்கா” என்றார், தலை நிமிராமல்.

“அப்ப கோலாலம்பூர் ஆளு?”

“அவனுக்கு இந்தச் சாய்வு எங்க தெரியப்போவுது? மிச்சத் தூணை எடுங்க.”

கல்யாணத்தன்று மேடைக்கு விளக்குப் போட்டதும் மண்டபமே எழுந்து நின்று போனைத் தூக்கியது. எனக்கு அதுகூடப் பெரிதில்லை. மாப்பிள்ளையின் அம்மா தூணைத் தொட்டுப் பார்த்து, “இது என்ன மரம் சம்மந்தி?” என்று கேட்டார். ஏதாவது ஒரு மரத்தின் பேரைச் சொல்லிச் சமாளித்துவிடுவாரோ என்று பெண்ணின் அப்பா வாயையே பார்த்தேன்.

“கித்தா மரம் சம்மந்தி. நான் வெட்டின மரம்” என்றார் அவர். சொல்லிவிட்டு, எப்படி வெட்ட வேண்டும், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்வு என்று ஆரம்பித்தார். மெர்கோங்காரர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று, அவர் சொல்லாமல் விட்டதை எடுத்துக் கொடுத்தேன்.

“பொண்ணோட அப்பா எங்க? தாரை வார்க்க வாங்க!” என்று ஐயர் மைக்கில் கூப்பிட்டார். இவர் திரும்பாமல் கையை மட்டும் தூக்கி, “இருங்க சாமி, சாய்வு சொல்லிட்டு வர்றேன்” என்றார்.