இடப்பக்க மூடி

உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூரில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தேன். அதற்கு முன் அரக்கோணத்தில் பாத்திரப் பட்டறை, அதற்கும் முன் செங்கல் சூளை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து ஓரிடத்தில் ஓராண்டுக்கு மேல் நான் தங்கியதில்லை. பட்டறைக்காரர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்து முஸ்லிம். எல்லோருக்கும் அவர் பாய். ராணுவம் ஏலம் விட்ட பழைய வண்டிகளை வாங்கி ஓட வைப்பது அவர் தொழில். இஞ்சினின் அலுமினிய மூடிகளைத் தேய்ப்பது என் வேலை.

அலுமினியத்தைக் கண்ணாடி போல மினுக்குவது சுலபம். பாய்க்கு அது பிடிக்காது. ஒரு மழைக்குத் தாங்காது, விரல் பட்டாலே கறை தெரியும் என்பார். மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட வேண்டும். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அங்கே தழும்பு விழும். சாயங்காலத்துக்குள் விரல்கள் கறுத்து நகக்கண் வெடித்திருக்கும். அந்தக் கையால்தான் சாப்பாடு. மண்ணெண்ணெய் வாடை இல்லாத சோற்றை அந்த ஆண்டு நான் தின்றதில்லை.

ஒரு நாள் காலை ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிளைக் கிடத்தியிருந்தார்கள். கூட வந்தவர் நிலபுலமுள்ள விவசாயி. அவருடைய ஒரே மகன் அந்த மோட்டார் சைக்கிளில் போய் ஆற்றுப் பாலத்துச் சுவரில் மோதி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வண்டிக்கு வலப்பக்கம்தான் அடி. கைப்பிடி வளைந்து, அந்தப் பக்கத்து மூடியில் சுவர் ஆழமாகக் கீறியிருந்தது.

"ஓடணும்னுகூட இல்ல பாய்," என்றார். "இந்த சோத்தாங்கைப் பக்கம் மட்டும் பண்ணிக் குடு. கீறல் கண்ணுக்குத் தெரியக்கூடாது. அத்தப் பாத்துட்டு, இது ஊட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போறேன்னு சொல்லிட்டா எங்க ஊட்டுக்காரி. மாட்டுக்கொட்டாயிலகூட வெக்க உடல."

"அப்ப ஏன் நைனா வெச்சிக்கினு பேஜாரு? என்கிட்டயே உட்டுடேன்," என்றார் பாய்.

"பையன் உட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான் பாய்."

போகும்போது மறுபடியும் கையால் காட்டினார். "இந்தப் பக்கம் மட்டும்."

கீறல் ஆழம். முதலில் அரத்தால் இறக்கி, பிறகு முரட்டுத் தாள், பிறகு நைஸ் தாள் என்று நான்கு நாள் பிடித்தது. கடைசியில் கோடுகள் போட்டு முடித்தபோது சுவர் உரசிய இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. மூடியைத் திரும்பவும் மாட்டிவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். இடப்பக்கத்து மூடி அசிங்கமாக இருந்தது. கோடுகள் சரிந்து ஓடின. சில பாதியில் வளைந்தன. திருகு ஓட்டைகளைச் சுற்றி ராணுவத்துப் பச்சை பெயிண்ட் மிச்சமிருந்தது. கைப்பழக்கம் இல்லாத எவனோ தேய்த்தது.

"அது கெடக்கட்டும் வுடு. அவரு கேக்கல," என்றார் பாய். மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் பழவேற்காடு போய்விட்டார்.

இரண்டு மூடிகளும் ஜோடி. ஜோடி சேராத வேலையை வெளியே அனுப்பக் கூடாது என்பது நான் வேலை செய்த எல்லாப் பட்டறைகளிலும் இருந்த வழக்கம். யாரும் என்னைத் தேய்க்கச் சொல்லவில்லை. அரைநாளில் முடித்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாய் திரும்பி வந்து வலப்பக்கத்தைப் பார்த்தார். "ஊரு ஊரா திரியிற பய நீ. கோடு மட்டும் இன்னா நேரா போவுது பாரு!" என்று சிரித்தார். பிறகு இடப்பக்கம் வந்தார். "இதுல எதுக்குடா கைய வெச்ச?"

"ஜோடி சேரல பாய்."

அவர் மூடியை ஒரு தடவை விரலால் தடவிவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரமே விவசாயி வந்தார். இம்முறை மனைவியும் மாட்டுவண்டியில் இருந்தார். விவசாயி குனிந்து வலப்பக்க மூடியை மூக்கு படும் தூரத்தில் பார்த்தார். "எங்க இருந்துச்சின்னே தெர்ல பாய்," என்றார். "ஏம்மே, எறங்கி வா. வந்து பாரு."

அந்த அம்மாள் இறங்கி வந்தார். வலப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இடப்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியின் மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம வண்டி இல்ல," என்றார்.

"இன்னா சொல்ற? நம்பரப் பாரு, நம்புளுதுதான்."

"எம்புள்ள தேச்சது கோணலா இருக்கும். கெணத்தாண்ட குந்திக்கினு மூணு நாளு பச்ச பெயிண்ட சொரண்டினு இருந்தான். ஏண்டா கோணலா இழுக்கறன்னு கேட்டேன். நேரா வேணும்னா நீயே வந்து இழுன்னான். நானும் ரெண்டு இழுப்பு இழுத்தேன். அதோ, அந்தக் கீழ் ஓரத்துல இருந்துச்சி."

பாய் என்னைப் பார்த்தார்.

"நான்தாம்மா தேச்சேன்," என்றேன்.

அந்த அம்மாள் என் கைகளைப் பார்த்தார். "நல்லாதான் கீது," என்றார். பிறகு, "இந்தப் பக்கம் எதுக்கு நைனா தொட்ட?"

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அந்த அம்மாள் எழுந்து போய் மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டார். "ஊட்டுக்கு வேணாம். இதுல அவன் எங்க கீறான்?"

விவசாயி என் அருகில் வந்து, மனைவிக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டார். "மறுபடியும் கோணலா பண்ண முடியுமா தம்பி?"

"பண்ணலாங்க. ஆனா எப்படிக் கோணல்னு எனக்குத் தெரியாதே."

அவர் தலையாட்டினார். ஏற்றிக்கொண்டு போக விரித்து வந்த வைக்கோலோடு மாட்டுவண்டி ஊத்துக்கோட்டைச் சாலையில் திரும்பியது.

மோட்டார் சைக்கிள் பட்டறை மூலையிலேயே நின்றது. பாய் அதை யாருக்கும் காட்டவில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, இரண்டு மூடிகளிலும் வெள்ளைத் துரு பூக்க ஆரம்பித்தது. வாரத்துக்கொரு முறை வலப்பக்கத்தை மட்டும் துடைத்து எண்ணெய் தடவினேன். பொங்கலுக்கு முன் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மேற்கே போகிற ரயிலில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை மூலையில் போய்ப் பார்த்தேன். இடப்பக்க மூடியில் வெள்ளை படர்ந்து, நான் போட்ட கோடுகளில் பாதி மறைந்திருந்தன. அதைத் துடைக்காமல் வந்துவிட்டேன்.