பன்னிரண்டாம் பாரம்

பிரான்ஸில் பார்-லெ-டுக் நகரப் பள்ளியில் அன்செல்ம் துவெனோ இருபத்தாறு ஆண்டுகள் தத்துவம் கற்பித்தார். உலகம் மனத்துக்கு வெளியே இல்லை என்பது அவர் கொள்கை. அதை நிறுவப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து ஓர் ஆய்வேடு எழுதினார். தன் நிரூபணம் நிற்குமா என்பது மட்டுமே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. அச்சான பிறகுதான் பாரிஸில் தேர்வாளர்கள்முன் வாதாட முடியும். அச்சுக் கோத்தவன் நான்.

புரூப் திருத்திக்கொண்டிருந்த மார்ச்சில் அவர் மனைவி காய்ச்சலில் இறந்தார். அடக்கத்துக்கு மறுநாள், கையில் கறுப்புப் பட்டையோடு வந்து, ஒன்பதாம் அச்சுப் பாரத்தில் ஒரு காற்புள்ளியை எடுக்கச் சொன்னார். ஆறுதல் சொன்னோம். "ஆமாம்" என்றார்.

ஜூனில் பாரிஸ் போய்த் திரும்பினார்.

"அஞ்சு பேரும் பாராட்டினாங்க. பட்டம் குடுத்துட்டாங்க. பாரிஸ்லயே ஒரு பதவியும் தர்றாங்களாம். முக்கியமான இடத்தைப் பத்தி மட்டும் யாரும் கேக்கல" என்றார், மழை பெய்தது என்று சொல்வதுபோல.

அவர் போனதும் மீதிப் பிரதி ஒன்றை எடுத்துக் கத்தியால் பக்கங்களைப் பிரித்தேன். அந்நாளில் புத்தகத் தாள்கள் மடிப்பு வெட்டாமலே வரும்; படிப்பவர்தான் வெட்டிக்கொள்ளவேண்டும். பதினாறு பக்கம் ஒரு பாரம். பதினொன்றாம் பாரம் இரண்டு முறை இருந்தது; பன்னிரண்டு இல்லை.

"மதாம் கோலே, பன்னிரண்டு எங்கே?" என்று பாரம் அடுக்கும் அம்மாளைக் கேட்டேன்.

"உன் மூக்குக்குக் கீழ தேடு."

எல்லாப் பிரதிக்குமான பன்னிரண்டு முழுக் கட்டாக மேசைக்கடியில் கிடந்தது. அவள் முகம் வெளுத்தது, பிறகு சொன்னாள்: "பாரிஸ்ல அஞ்சு பேர் வீட்லயும் ஒரு கத்தி கூடவா இல்ல?"

மறுநாள் துவெனோவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க படிச்சீங்களா?"

"கோக்கும்போது படிச்சேன், முசியே. ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"கோக்கும்போது அச்செழுத்துப் பெட்டியை நான் பாக்கிறதில்ல. நெனப்பு எங்கயோ இருக்கும். கை போனா எழுத்து அந்தந்த அறையில இருக்கு. நான் நெனைக்காதப்ப அதை அங்க வெச்சிருக்கிறது யாரு? பன்னிரண்டுல பதில் சொல்லியிருக்கீங்க. எனக்கு அது சரியாப் படல."

அவர் பாரத்தை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார்.

"எனக்கும் சரியாப் படல. யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன்" என்றார்.

"மீதிப் பிரதியில சேர்க்கவா?"

"சேருங்க. தப்பு அதுலதான் இருக்கு. தெரியட்டும்."

பாரிஸில் கிடைத்த பதவி வேண்டாம் என்று கடிதம் எழுதினார். பிறகு ஒன்பது ஆண்டுகள் அதே வகுப்பில் அதே பாடம் நடத்தினார். வேறெதுவும் எழுதவில்லை.