எலிவேட்டருக்கு ஒரு ஜோடி

எலிவேட்டருக்கு ஒன்றல்ல, இரண்டு சர்வோ போட வேண்டும் என்ற வழக்கம் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது எனக்கும் என் நண்பனுக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை. ரேடியோவில் பறக்கும் மாதிரி விமானங்களைப் பற்றிச் சொல்கிறேன். விமானத்தின் வாலில் இடமும் வலமுமாக இரண்டு அசையும் பலகைகள் இருக்கும். அவைதான் எலிவேட்டர். அவற்றை மேலே தூக்கினால் மூக்கு நிமிரும், கீழே இறக்கினால் கவிழும். அவற்றை அசைப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே குட்டி மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கும். கையிலுள்ள ரேடியோவின் குச்சியை நாம் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அது பலகையைத் தள்ளும். அதுதான் சர்வோ. பலகைக்கு ஒன்றாக இரண்டு போட்டால் பலம் கூடும், ஒன்று செத்துப்போனாலும் இன்னொன்றை வைத்து இறக்கிவிடலாம் என்றார்கள். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி அசைய வேண்டும். ஒன்று கொஞ்சம் பின்தங்கினாலும் விமானம் நேராக ஏறாமல் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

பொம்மைக்கு இவ்வளவு பாடா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. பொம்மை என்று சொன்னவர்களிடம் நான் பல நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். நாங்கள் ஓட்டியது சும்மா வானத்தில் சுற்றிவிட்டு வரும் ரகமில்லை. வட்டம் போட்டால் வட்டமாக இருக்க வேண்டும், கோடு போட்டால் ரூலர் வைத்துக் கிழித்த மாதிரி இருக்க வேண்டும். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் ஒவ்வொரு வித்தைக்கும் மதிப்பெண் போடுவார்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஈவிரக்கம் இல்லாமல் குறைப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருந்தேன். ஆபீஸ் ஆபீஸாகப் போய் போட்டோஸ்டேட் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. என் நண்பன் கிள்ளானில் அப்பாவின் இரும்புச் சாமான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலையில் அவனுடைய வேனில் இரண்டு விமானங்களையும் ஏற்றிக்கொண்டு அம்பாங் பக்கம் போவோம். ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட மணல்வெளி அது. லாலான் புல்லை வெட்டி ஓடுபாதை போட்டிருந்தோம்.

இந்த விளையாட்டில் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது வழக்கம். ஓட்டுகிறவன் விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அடுத்து என்ன வித்தை, காற்று எந்தப் பக்கம், கோடு சாய்கிறதா என்பதையெல்லாம் பின்னால் நிற்பவன்தான் காதருகே சொல்ல வேண்டும். அவன் இடது என்றால் நான் இடது, வலது என்றால் வலது. யோசிக்க நேரம் இருக்காது, நம்பத்தான் வேண்டும். எனக்குப் பின்னால் அவன், அவனுக்குப் பின்னால் நான். ஏழு வருடம் இப்படித்தான் நின்றோம்.

அந்த வருடம் எங்கள் சங்கத்திலிருந்து ஒருவரை ஜப்பானில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவதாக முடிவானது. ஒரே ஒருவரைத்தான். ஆறு மாதம் கழித்துத் தேர்வு. எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தனை விமானம் கட்டியவன் நிஜ விமானத்தில் ஒரு முறைகூட ஏறியதில்லை. எப்படியாவது போய்விட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்துவிட்டது. அதை நான் மறைக்கவும் இல்லை.

"இந்த வருஷம் நீதான் மச்சான் போகணும். ஒன் கைதான் நல்லா இருக்கு. நான் பேருக்கு ஓட்டறேன்," என்று அவன் சொன்னான். கண் கலங்கும் அளவுக்கு எனக்குச் சந்தோஷம்.

அந்த சர்வோக்கள் கோலாலம்பூரில் ஒரே கடையில்தான் கிடைத்தன. கடைக்காரர் ஒரு சீனர், தவுக்கே என்று கூப்பிடுவோம். ஜப்பானிலிருந்து சரக்கு வந்தால் ஆறு சர்வோ வரும், முதலில் வருகிறவனுக்குத்தான் கொடுப்பார். பெட்டியின்மேல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே குணம் ஒன்றாக இருக்காது. அதனால் ஜோடி பொறுக்குவதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். இரண்டு சர்வோக்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் இறுக்கி, இரண்டிலும் அசையும் கையில் இறைச்சி குத்திச் சுடும் நீளமான சாத்தே குச்சியைக் கட்டுவோம். பெட்டியில் தெரியாத வித்தியாசம் குச்சி நுனியில் பெரிதாகத் தெரியும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே அளவுப் பூட்டைத் தொங்கவிட்டு மறுபடி அசைப்போம். வானத்தில் காற்று வால் பலகையை அழுத்துவது போல அது. பாரம் தாங்காத சர்வோவின் குச்சி தொங்கிப்போகும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். பாரம் கட்டிக் கட்டிச் சோதித்தால் பல் தேயும். ஆகவே ஒருவன் சோதித்துக் கொடுத்ததை இன்னொருவன் மறுபடி சோதிக்கக் கூடாது. நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட சட்டம் இது. இதைவிடப் பெரிய கேணத்தனம் உலகத்தில் இருக்குமா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

சரக்கு ஒரு வேலை நாளில் வந்தது. நான் பங்சாரில் ஓர் ஆபீஸில் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். அவன் கடையைப் பூட்டிவிட்டுக் கிள்ளானிலிருந்து வந்து, ஆறையும் அங்கேயே சோதித்து, எனக்கு இரண்டு கொண்டுவந்தான். நல்ல ஜோடி எனக்கு, அதற்கு அடுத்தது அவனுக்கு என்பது ஏற்பாடு. சாயங்காலம் என் வீட்டு மேசையில் டிஷ்யூவில் பொதிந்து வைத்து, "இதுதான்டா ஜோடி. ரெட்டப் புள்ள மாதிரி," என்றான். என் மனைவி அவனுக்கு மீன் கறியோடு சோறு போட்டாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

பொருத்திப் பறக்கவிட்டேன். மட்டமாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. குச்சியைப் பலமாக இழுத்து மேலே ஏற்றினால் மட்டும் விமானம் வலப்பக்கம் முறுக்கியது. இறக்கி, தரையில் வைத்துப் பார்த்தேன். பலகைகள் இரண்டும் சமமாகத்தான் தூக்கின. சர்வோவாக இருக்குமோ என்று கேட்டேன்.

"சர்வோ நான் பாத்ததுடா. ஒன் வெரலு வலது பக்கம் போவுது. இழுக்கறப்ப சேத்து வலதுல தள்ளற. பின்னால நின்னு நான் பாக்கறேன்ல," என்றான்.

அப்படி நடப்பது உண்டு. என் ரேடியோவில் விமானத்தை ஏற்றுவதும் பக்கவாட்டில் சாய்ப்பதும் ஒரே குச்சிதான். நேராக இழுப்பதாக நினைத்துக்கொண்டு கட்டைவிரலைக் கோணலாக இழுக்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை. ஆனால் என் விரலை நானே பார்க்க முடியாதே, கண் வானத்தில் அல்லவா இருக்கும்? பின்னால் நிற்பவன் சொன்னால் அதுதான் சத்தியம்.

தேர்வு வரும்வரை அந்த விரலைப் படுத்தாத பாடு படுத்தினேன். பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டிப் பார்த்தேன். பஸ்ஸில், ஆபீஸ் லிப்டில், சாப்பாட்டு மேசையில் எல்லாம் இல்லாத குச்சியை இழுத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு தினமும் நூறு முறை, இடப்பக்கம் ஒரு துளி சாய்த்து இழுக்கப் பழகினேன். "விரலுக்கு ஒரு தாயத்து வேணும்னா கட்டிரலாம்ங்க," என்று என் மனைவி கிண்டல் செய்தாள். அவளிடம் எரிந்து விழுந்தேன். அவனிடம் ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. ஞாயிறுதோறும் எனக்குப் பின்னால் நின்று, "இன்னும் வலது போவுது... இப்ப பரவால்ல லா... மறுபடி போவுது," என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பொறுமைக்காக அவனுக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

தேர்வு நாளில் என் விமானம் பாதி வித்தையில் நேராக ஏறியது, பாதியில் முறுக்கியது. வேகம் கூடினால் முறுக்கும், குறைந்தால் விரல் பழக்கத்தால் மறுபக்கம் போகும். நடுவர்கள் குறைக்க வேண்டியதைக் குறைத்தார்கள். பேருக்கு ஓட்டுவதாகச் சொன்னவனின் விமானம் நூல் பிடித்த மாதிரி ஏறியது. பின்னால் நின்று அவனுக்குக் காற்றைச் சொன்னவன் நான்தான். அவன் தேர்வானான். விரல் சரியில்லாதவன் ஆசைப்பட்டால் இப்படித்தான் என்று என்னையே திட்டிக்கொண்டு, சுபாங் விமான நிலையத்தில் அவனுடைய பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் ஜப்பானில் இருந்த வாரம் பசை வாங்கத் தவுக்கே கடைக்குப் போனேன். அவர் மலாய் மொழியில் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். உன் நண்பர் அந்தப் பழுது சர்வோவைச் சரி செய்துவிட்டாரா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "அன்றைக்கு உன் நண்பர் மூன்று மணி நேரம் என் கவுண்டரை விடவில்லை. அருமையான ஜோடி ஒன்று கிடைத்ததும் இது என்னுடையது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒன்று மட்டும் பூட்டைத் தொங்கவிட்டதும் தொங்கிப்போனது. அதை ஜப்பானுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன், வேறு எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம், இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்."

பசையை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். வாலைத் திறந்து இரண்டையும் கழற்றி, சாத்தே குச்சி கட்டி, பூட்டைத் தொங்கவிட்டேன். எங்கள் சட்டத்தை முதல் முறையாக மீறினேன். வலதுபக்கக் குச்சி விறைப்பாக நின்றது. இடதுபக்கக் குச்சி அரை விரல்கடை தொங்கியது. பூட்டு இல்லாதபோது இரண்டும் ஒன்றாகத்தான் அசைந்தன. அதனால்தான் தரையில் தெரியவில்லை. அட பாவி. என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, என் பெண்டாட்டி கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டே இதைச் செய்திருக்கிறான். என்ன என்று மனைவி கேட்டபோது குச்சிகளைக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் அழுதாள், நான் அழவில்லை.

அவன் திரும்பி வந்த அன்றே கிள்ளானுக்குப் போனேன். கடையின் பின்னறையில் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். தவுக்கே சொன்னதைச் சொன்னேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நாலு அறை விட்டுவிட்டு வந்திருப்பேன். அவன் ஆணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"சரியான சர்வோ குடுத்திருந்தா நீதான் போயிருப்ப. எனக்கும் ஒரு தடவ போகணும்னு இருந்துச்சுடா."

"கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே."

"நீ குடுத்து நான் போகவா?"

அதைக்கூட ஒருவாறு ஜீரணித்திருப்பேன். "அப்பறம் ஏண்டா வெரலச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ சர்வோவான்னு கேட்டதும் வாயில வந்தத சொன்னேன். நீ நம்பிட்ட," என்றான்.

அவனுடைய ஸ்குரூடிரைவரையே எடுத்து, அவனுடைய விமானத்தின் வாலைத் திறந்து, அந்த நல்ல ஜோடியைக் கழற்றினேன். அவன் தடுக்கவில்லை. பழக்கம் போல விமானம் ஆடாமல் பிடித்துக்கொண்டான். "கையை எடுடா," என்றேன். எடுத்தான். அதன்பிறகு நான் அவனிடம் பேசியதில்லை.

அடுத்த ஞாயிறு மனைவியைக் கூட்டிக்கொண்டு அம்பாங் போனேன். நல்ல ஜோடியை நானே சோதித்து, நானே பொருத்தியிருந்தேன். அடுத்த வருடம் மறுபடி தேர்வு இருக்கும், இனி எவன் தயவும் வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்ற ரோஷத்தோடு ஏற்றினேன். குச்சியை இழுத்தேன். விமானம் இடப்பக்கம் முறுக்கியது.

இறக்கினேன். சர்வோக்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு மறுபடி ஏற்றினேன். இடப்பக்கம்தான் போனது. மைதானத்தில் இன்னொருவர் இருந்தார். எங்களைவிட அனுபவம் குறைந்தவர். அவரிடம் ரேடியோவைக் கொடுத்து, பலமாக இழுங்கள் என்றேன். அவர் இழுத்தார். விமானம் நேராக, ஒரு துளி கோணல் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத உயரம்வரை ஏறியது. வாங்கி நான் இழுத்தேன். மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "இப்பவும் சர்வோதாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. இப்ப வெரலுதான்," என்றேன்.