அத்தை குடிக்காத சொம்புத் தண்ணீர்

அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை எங்கே போனாலும் கைப்பையில் பச்சை நிற பாட்டிலில் தண்ணீர் இருக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மஞ்சள் காமாலையில் படுத்து, செத்துப் பிழைத்த நாளிலிருந்து வெளியில் ஒரு மடக்குக்கூடக் குடிக்க மாட்டார். அந்த பாட்டில் ஒரு தேர்தலையே கவிழ்க்கும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், போடா கிறுக்கா என்று விரட்டியிருப்பேன்.

அத்தை திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்தவர். அமெரிக்க அதிபர் தேர்தல் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். "அங்க படிச்சவன் ஓட்டுக்கு நின்னா, படிச்சத மறைக்கிறதுதான் மொத வேல. பொஸ்தகம் வாசிக்கிறவன்னு தெரிஞ்சாப் போதும், மேட்டிமை புடிச்சவன்னு முத்திரை குத்திருவாங்க. பரம்பரைப் பணக்காரன் தொப்பிய மாட்டிக்கிட்டு, சந்தையில நின்னு கண்டதையும் தின்னு, நானும் ஒங்கள்ல ஒருத்தன்பான். சனம் நம்பிரும்" என்று சாப்பாட்டின் நடுவே சொல்லிச் சிரிப்பார். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வடமதுரைப் பக்கத்தில் எங்கள் ஊரில் வெங்காயமும் கத்தரியும் போட்டு, அந்த வெள்ளாமையில்தான் தங்கையை எம்.ஏ. வரை படிக்க வைத்தார். "என் தங்கச்சி பேசுனா கலெக்டரே எந்திரிச்சு நிப்பாரு" என்று டீக்கடை டீக்கடையாகப் பெருமையடிப்பார்.

தொண்ணூறுகளில் ஊராட்சித் தேர்தல் வந்தது. ஊர்க் கிணற்றில் சாக்கடை இறங்கி, கோடைதோறும் காமாலை வந்துகொண்டிருந்தது. ஒரு பச்சைப்பிள்ளையும் செத்துப்போனது. நல்ல தண்ணீர்த் தொட்டி கட்டியே தீருவது என்று, ஊரிலேயே ஓட்டு வைத்திருந்த அத்தை தலைவர் பதவிக்கு நின்றுவிட்டார். எதிரே நின்றவர் நூல் மில் முதலாளியின் மகன். ஊட்டியில் விடுதிப் பள்ளிக்கூடம், மேல்படிப்பு அமெரிக்காவிலேயே. வீட்டு வாசலில் கார்கள் வரிசையாக நிற்க, அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டை மொபெட்டில் வந்தார். ஊர் மந்தைத் திடலில் சம்மணம் போட்டுக் கம்மங்கூழ் குடித்தார். "எனக்கு இங்கிலீசெல்லாம் வராது அப்பு, நான் ஒங்க வீட்டுப் புள்ள" என்றார். அடப்பாவி! அவர் எங்கே படித்தார் என்று கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே கைதட்டினார்கள்.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். லீவு போட்டுவிட்டு அத்தையோடும் அப்பாவோடும் ஓட்டுக் கேட்கப் போவேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். தாகம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேச்சு. குடிக்காவிட்டால் அந்த வீட்டை மட்டமாக நினைப்பதாக அர்த்தம். கிழக்குத் தெருவில் அது இன்னும் ஆழமாகக் குத்தும். அவர்கள் கைத் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகத் தொடாத ஊர் இது.

அந்தத் தெருவில் முதல் வீட்டு அம்மா சொம்பை நீட்டினார். அத்தை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்து, "இதக் குடிச்சுத்தாம்மா காமாலை வருது. இத மாத்தத்தான் நிக்கிறேன்" என்று வகுப்பு எடுக்கிற மாதிரி விளக்கினார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தன் பச்சை பாட்டிலைத் திறந்து குடித்தார். சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அந்த அம்மாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. "நம்ம வீட்டுத் தண்ணி அந்தம்மாவுக்கு ஆகாதாம்ல. அம்புட்டுப் படிப்பு!" கேள்விப்பட்டதும் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் பாடம் நடத்துனேனேடி. எனக்கே தோணாமப் போச்சே" என்று என்னிடம் புலம்பித் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் அதே வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். கதவு திறக்கவில்லை.

தோற்றார். சும்மா தோற்கவில்லை, மண்ணைக் கவ்வினார். தொட்டியும் வந்தபாடில்லை. அப்பா அன்றைக்கு ஊரையே வைதுகொண்டு வந்ததும், தங்கையைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சில வருஷம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று அத்தை எங்களோடு வந்து இருந்தார். ஒருநாள் மத்தியானம் டி.வி.யில் அமெரிக்கத் தேர்தல் செய்தி ஓடியது. ஒரு வேட்பாளர் நிறையப் படித்தவராம், சனங்களோடு ஒட்ட மாட்டாராம். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் போன்ற ஆளாம். அத்தை வழக்கம்போலச் சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டே, "நானா இருந்தாலும் அந்தாளுக்குத்தேன் போடுவேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னைக்கும் அப்புடித்தான தாயி போட்டேன்."

தங்கைக்காகக் கால் தேய வீடு வீடாக நடந்த மனிதர்! வாய் தவறி வந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அத்தை எழுந்து டி.வி.யை அணைத்தார்.

"மில்லுக்காரனுக்கா போட்டண்ணே?"

அப்பா துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தார். "நீ பேசுனா எனக்குப் பாதி வெளங்காது தாயி. அவன் பேசுனது பூராம் வெளங்குச்சு. பொய்யின்னும் தெரியும். ஆனா வெளங்குச்சு."

"எது வெளங்கலன்னு ஒரு நாளாச்சும் எங்கிட்டக் கேட்டியாண்ணே? நீ படிக்க வச்ச படிப்புத்தான இது?"

"அதனாலதேன் கேக்கல" என்றார் அப்பா. "கேக்க வெக்கமா இருந்துச்சு."