காந்தத்தில் ஒட்டாத காசு

அப்பா பெட்டியில் சேர்த்துவைத்திருந்த ஜெர்மன் காசுகளைக் கேட்லாக்கோடு ஒப்பிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். முதல் உலகப் போர்க்காலத்துப் பத்து ஃபென்னிக் காசில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரும்புக் காசு காந்தத்தில் ஒட்டும், துத்தநாகக் காசு ஒட்டாது. காந்தத்தை நீட்டினேன். முதல் காசு ‘டிக்’கென்று தாவி ஒட்டியது.

சின்ன வயதில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஞாயிறுதோறும் கேட்ட சத்தம் அது. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய இதே காந்தத்தால் அப்பா காசுகளைச் சோதிப்பார். எத்தனை முறை கழுவினாலும் அவர் கையில் ஒர்க் ஷாப் கிரீஸ் வாசனை போகாது. அப்படியொரு ஞாயிறு, அவர் சோதித்து வைத்த காசு ஒன்றை மூன்று வயதுத் தங்கை கீதா விழுங்கிவிட்டாள்.

அம்மா அவள் முதுகில் தட்டித் தட்டி ஓய்ந்துபோனாள். அப்பா கேட்லாக்கைப் புரட்டினார்.

“புள்ள முழுங்கிட்டு நிக்கிறா, புஸ்தகமா பாக்கறீங்க?”

“துத்தநாகமா இருந்தாத்தான் வயித்துல கரையும், விஷம். இது இரும்பு. நான்தான் சோதிச்சேனே. பயப்படாத.”

அம்மாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அப்பாவுக்குச் சைக்கிள் பூட்டில் சாவியை நுழைக்க முடியவில்லை. கீதாவை முன்கம்பியில் உட்காரவைத்து, செருப்புகூடப் போடாமல் தென்னூர் டாக்டரிடம் மிதித்தார். மறுநாள் காசு வெளியே வந்த பிறகுதான் வாயில் சோறு வைத்தார்.

இப்போது பெட்டியின் அடியில் ஒரு பொட்டலம் தனியாக இருந்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் ‘கீதா’. பிரித்து, உள்ளே இருந்த பத்து ஃபென்னிக் காசில் காந்தத்தை வைத்தேன். சத்தமே வரவில்லை. காசின் ஓரம் முழுக்க அரித்திருந்தது.